ஐயுற்றார் என்னுஞ் சொல்

சொல்லைப் பொருளறிந்து வழங்குதல் புலவர்க்கு மட்டும் உரிய கடனன்று. சமயப்பொருளை விரித்துரைப்பார்க்கும் அஃது இன்றியமையாத கடனாம். ஒரு பொருளுக்குப் பொருந்தாப் பெயரிட்டு வழங்கின், அதனால் வருங் கேடு சொல்லளவில் நில்லாது. அப்பெயராற் சுட்டப்பட்டாரையுஞ் சென்று சேரும். இக்காலத்துச் சமயச் சொற்பொழிவுகளிலும் கட்டுரைகளிலும் அங்ஙனம் பிழைபட வழங்கும் பெயர்களுள் ஒன்று, ஐயுற்றாரைக் குறிக்கும் பெயராகும். வினை சடமாயின் அது தன்னைச் செய்தானையே தவறாது சென்று பற்றுமாறு யாங்ஙனம் என்று ஓரிளைஞன் வினவினானாக, அவனை 'நாத்திகன்' என்று ஒதுக்குவாரும் உளர். அத்துணைக் கடுஞ்சொல் வேண்டாவெனக் கருதி 'ஐயவாதி' என்று பெயரிடுவாரும் உளர். இவ்விரண்டும் அவனுக்குப் பொருந்தாப் பெயர்களே. அவை பொருந்தாமையை நூல்வழக்குக் கொண்டு ஆராய்ந்து, ஐயுற்றார்க்குத் தமிழ்நூலுஞ் சைவநூலும் வகுத்த இடம் யாதென்று காண்டலே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் சொல்லை நோக்குக. ஐயம், ஐயுறவு, ஐயப்பாடு, அயிர்ப்பு என்பன ஒரு பொருள்மேல் வருந் தமிழ்ச் சொற்கள். கடுத்தல் என்பதும் ஐயுறுதலைக் குறிக்கும். கடி என்னும் உரிச்சொல் உணர்த்தும் பல பொருள்களுள் ஐயமும் ஒன்றெனத் தொல்காப்பியர் உரியியலிற் கூறினார். சங்கை, சந்தேகம், சமுசயம் என்பன வடசொற்கள். சந்தேகம் என்பது பூசுதற் பொருளையுடைய வினைப்பகுதி அடியாகப் பிறந்தது. ஒன்றன்மேல் மற்றொன்று பூசப்பட்டு எது யாதெனத் தெரியாது கிடத்தல் அதன் முதற் கருத்து. சமுசயம் என்பது கிடத்தற் பொருளையுடைய வினைப்பகுதி அடியாகப் பிறந்தது. அறிவு ஒருபாற் சென்று சேராது இடையே கிடத்தல் அதன் கருத்து. ஐயம் என்னுஞ் சொல்லுக்கு இரப்போர்க்கிடும் பிச்சை என்னும் பொருளும் உண்டு. ஔவையார் ஆத்திசூடியில் ஐயமிடுதலை அறமாகக் கூறியது அப்பொருள்பற்றி. அது வேறு சொல்லாகலின் ஈண்டைக்கு வேண்டுவதன்று.

இச்சொற்கள் பலவாயினும் அவற்றிடையே ஒரு பொதுமை உண்டு. அவை அனைத்தும் அறிவின் ஒரு நிலையைக் குறிப்பன. மக்களுள் ஓரினத்தைக் குறிப்பன அல்ல. ஐயுற்றான், ஐயுறுவான், அயிர்த்தான் என வினையடியாற் பிறந்த பெயர்களே பழைய வழக்கிற் பயின்றன. உண்டான் என்பது உண்ணுந் தொழில் பற்றி வந்த பெயராதல் போல, ஐயுற்றான் என்பதும் ஐயுறுந் தொழில் பற்றி வந்த பெயராம். உண்டு முடித்தானை அதன் பின்னும் உண்பவன் என யாரும் அழையார். அதுபோலத் தெளிந்தானை ஐயுறுவான் என்றல் கூடாது. வினைபற்றி வந்த பெயரைக் குலப்பெயர்போல நிலைபெறுத்துதல் பிழையென்பது இதனால் விளங்கும்.

இனித் தொல்காப்பியனார் ஐயத்தை எங்ஙனம் ஆண்டாரெனக் காண்க. ஐயப்பொருளை உணர்த்துதற்கென்றே கொல் என்னும் இடைச்சொல்லை அவர் இடையியலில் வகுத்தார். கிளவியாக்கத்தில் ஐயுற்ற பொருளைச் சொல்லுமாறும் விதித்தார். தொலைவில் தோன்றுவது குற்றியோ மகனோ எனத் திணைதெரியா வழி உருபு முதலிய பொதுச்சொல்லாற் கூறுக என்றும், ஆண்மகனோ பெண்டாட்டியோ எனப் பால்தெரியா வழிப் பன்மையாற் கூறுக என்றும் அவ்விதிகள் அமைந்தன. வயலிற் புகுந்தது ஒரு பெற்றமோ பலவோ என்னும் ஐயத்தையும் உரையாசிரியர் காட்டினர். இவ்விதிகளின் கருத்தினை ஓர்ந்து நோக்குக. தெரியாததைத் தெரிந்ததுபோற் கூறுதல் மொழிக்கே வழு. தெரியாததைத் தெரியாததாகவே கூறுதல் மரபு. ஆகவே ஐயுற்றான் ஐயுற்றவாறு கூறுங்கால் அவன் இலக்கணம் பிழைத்தானல்லன், இலக்கணத்தைக் காத்தவனேயாவன். தெளியாமலே குற்றியை மகன் என்றானே வழுப்பட மொழிந்தான்.

பொருளதிகாரத்திற் சென்றால் இவ்வுண்மை இன்னும் விளங்கும். களவொழுக்கத்தின் தொடக்கத்தே காட்சி, ஐயம், தெளிவு என்பன ஒன்றன்பின் ஒன்றாக நிற்பன. தலைவன் தலைவியைக் கண்டான்; கண்டவள் மானிடமகளோ தெய்வமோ என ஐயுற்றான்; பூ, இமைப்பு, அச்சம் முதலிய குறிகளால் மானிடமகளேயெனத் தெளிந்தான். இவற்றுள் ஐயத்தைப்பற்றி ஆசிரியர் வகுத்த வரையறை ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. கண்டபொருள் சிறந்ததாயவிடத்தே ஐயம் நிகழும் என்பது அது. கீழான பொருளைக் கண்டவிடத்து இஃது எத்துணை உயர்ந்ததோ என ஒருவன் நின்று ஐயுறான். கண்டவுடன் கடந்து போவன். தன் அறிவின் அளவுக்கு மேற்பட்ட சிறப்பொன்று எதிர்ப்பட்ட வழியே அறிவு திகைத்து நிற்கும். அத்திகைப்பே ஐயம். அது பொருளை இகழ்ந்ததனால் வந்ததன்று. பொருளின் பெருமையால் வந்தது.

மணிவாசகப் பெருமான் அருளிய திருக்கோவையார் நானூறு துறைகளையுடையது. அதன் முதற்றுறை காட்சி, இரண்டாந்துறை ஐயம், மூன்றாந்துறை தெளிதல். அந்நூலைப் பேரின்பப் பொருள்மேல் வைத்துணரும் வழக்கும் சைவர்பால் உண்டு. அவ்வாறுணர்வார் ஐயத்துறையை நீக்கிக் காட்சியிலிருந்து தெளிவுக்குத் தாவுதல் இயலாமையை நினைக்க. பெருமான் அருளிய வரிசையில் ஐயத்திற்கு இடமுண்டு. அது காட்சிக்குந் தெளிவுக்கும் நடுவணது. படியில் நின்றானைப் பார்த்து இவன் மனைபுகான் என்றல் எத்துணைப் பேதைமையோ, ஐயத்தில் நின்றானைப் பார்த்து இவன் தெளியான் என்றலும் அத்துணைப் பேதைமையே.

அற்றேல், அளவைநூலார் ஐயத்தைக் குற்றமென்று கூறினாரன்றோ எனின், கூறினார், அதனை மறுப்பாரில்லை. சிவஞானசித்தியார் அளவையியலில் மாசற்ற காட்சிக்கு ஐயமும் திரிவும் நீங்குதல் வேண்டுமென அருணந்தி சிவாசாரியர் வகுத்தார். ஒரு பொருளை இரண்டுபட நினைத்தல் ஐயம்; ஒன்றை மற்றொன்றாகத் துணிதல் திரிவு. ஆயினும் குற்றம் என்று எண்ணப்பட்டவெல்லாம் ஒருநிகரன என்பது பெறப்படாது. மணிமேகலையிற் சமயக்கணக்கர்தந் திறங்கேட்ட காதையில் அளவைவாதி அளவையின் குற்றம் எட்டெனக் கூறுகின்றான். சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, எய்தும் இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு என்பன அவை. அவற்றுள் ஐயமும் தேராது தெளிதலும் அடுத்தடுத்து நிற்றல் காண்க. அவ்விரண்டற்கும் காட்டிய உவமையும் ஒன்றே. தறியைக் கண்டு தறியோ மகனோ என்றல் ஐயம். அதே தறியைக் கண்டு ஆராயாது மகனென்றே கொள்ளுதல் தேராது தெளிதல்.

இவ்விருவருள் மெய்க்கு அணியன் யாவன்? தறியோ மகனோ என்றவன் உள்ளத்தே தறி என்னும் மெய்ப்பொருளும் ஒருபாற் கிடக்கின்றது. அவன் இன்னும் நாலடி நடந்து நோக்கின் உண்மை காண்பன். தேராது தெளிந்தானோ உள்ளத்தில் தறிக்கு இடமே இன்றி அடைத்துவிட்டான். மேலும் நோக்கவேண்டும் என்னும் எண்ணமும் அவனுக்கு எழாது. ஆகவே இரண்டுங் குற்றமேயாயினும், ஐயம் நீங்குதற்குரிய குற்றம். தேராத் தெளிவு தன்னை நீங்கவொட்டாத குற்றம். அறிவுநோய் இரண்டனுள், நோயென்று நோயாளனே உணர்ந்தது ஒன்று. நலமென்று அவன் நம்பியிருப்பது மற்றொன்று. மருத்துவனை நாடுவான் முன்னையோனே.

திருவள்ளுவனாரும் இவ்விரண்டனையுஞ் சேர்த்தே எண்ணினார். தெரிந்துதெளிதல் என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில், ஆராயாது ஒருவனைத் தெளிதலும், ஆராய்ந்து தெளிந்தவன்மாட்டுப் பின்னும் ஐயுறுதலும் ஆகிய இரண்டும் நீங்காத் துன்பந் தருமென்றார். இக்குறளின் பிற்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஐயத்தைக் கடிவார் பலர்; முற்பகுதியை அவர் நினைத்திலர். தெளியுமுன் ஆராயாமையும் தெளிந்தபின் ஐயுறுதலும் ஒருங்கு கடியப்பட்டமையின், தெளியுமுன் ஐயுற்று ஆராய்தல் கடியப்படாமை தானே போதரும். மெய்யுணர்தல் என்னும் அதிகாரத்தில், ஐயத்தினின்று நீங்கித் தெளிந்தார்க்கே வீட்டுலகம் நிலவுலகினும் அணித்தாதல் சொல்லப்பட்டது. நீங்குதல் என்றதனால் ஒருகால் அதனுள் நின்றமை பெறப்படும். ஐயமே அறியாதார்க்கு அதனின்று நீங்குதல் என்பதொன்றில்லை.

இனிச் சைவசித்தாந்த நூல்களை நோக்குக. ஒரு பொருளை நிறுவும் அதிகரணத்திற்கு விடயம், ஐயம், பிறர்கூற்று, சித்தாந்தம், இயைபு என உறுப்பு ஐந்து கூறுவர். ஐயம் அவற்றுள் இரண்டாவது உறுப்பு. ஐயமில்லாத பொருள்மேல் அதிகரணம் நிகழாது. அதிகரணம் நிகழாவிடத்துச் சித்தாந்தம் என்னும் முடிவும் நிகழாது. நியாயநூலாரும் தாம் எண்ணிய பதினாறு பொருள்களுள் அளவை, அளக்கப்படுபொருள் என்னும் இரண்டற்கும் அடுத்து மூன்றாவதாக ஐயத்தை வைத்தனர். முற்றும் அறியாத பொருளினும் முற்றும் துணிந்த பொருளினும் ஆராய்ச்சி செல்லாது, ஐயுற்ற பொருளின்கண்ணே செல்லும் என்பது அவர் கொள்கை. எனவே சித்தாந்தி என்று தன்னைச் சொல்லிக்கொள்வான் ஐயுற்றானைப் பகைத்தல், மரத்தின் கிளைமேலிருந்து அதன் அடியை வெட்டுதல் போலும்.

மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் வினாவடிவாகவே எழுந்தன சில உள. அருணந்தி சிவாசாரியர் தம் ஆசிரியராகிய மெய்கண்டதேவரை முன்னிலைப்படுத்தி வினவிய இருபது செய்யுட்கள் இருபாவிருபஃதாயின. உமாபதி சிவாசாரியர் தம் ஆசிரியர் மறைஞானசம்பந்தரை வினவியன வினாவெண்பாவாயின. மனவாசகங் கடந்தார் அருளிய உண்மைவிளக்கம் மாணவன் வினவ ஆசிரியர் விடுக்கும் முறையில் நடப்பது. ஒளியும் இருளும் ஓரிடத்து நில்லாவாக, அறிவாகிய இறைவன் உயிரின்கண் நிற்கவே அவ்வுயிரை அறியாமை மறைத்தது எங்ஙனம் என்றாற்போல்வன அவ்வினாக்கள். இக்காலத்து ஒரு கழகக் கூட்டத்தில் இத்தகைய வினாவை ஒருவன் எழுப்பின் முகஞ் சுளிப்பார் எத்துணையர்! ஆனால் சந்தான குரவரே அதனை எழுப்பினர். எழுப்பியதும் சாத்திரமாகத் தொழப்படுகின்றது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. சிவஞானசித்தியார் பரபக்கத்தில் உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கைகள் எடுத்து மறுக்கப்பட்டன. கி.பி. 1313இல் எழுந்த சங்கற்பநிராகரணத்தில் மாயாவாதி முதலிய வேறு பலர் கொள்கைகள் மறுக்கப்பட்டன. மணிமேகலையில் முற்கூறிய காதையில் அளவைவாதி முதற் பூதவாதி ஈறாகப் பதின்மர் தோன்றுவர். இவ்வரிசைகளுள் ஐயுற்றான் என ஒருவன் எதிர்க்கட்சியாக நிறுத்தப்பட்டிலன். எதிரே நிற்பார் அனைவரும் ஒன்றைத் துணிந்தார். தவறாகத் துணிந்தார் ஆதலின் மறுக்கப்பட்டார். ஐயுற்றான் ஒன்றையுந் துணிந்திலன் ஆதலின் மறுக்கப்படுதற்குரியனல்லன், கற்பிக்கப்படுதற்கே உரியன். அவனிடம் எதிர்க்கட்சியிலன்று, மாணவர் வரிசையில் உள்ளது.

இதனால் நாத்திகன் என்னும் பெயர் அவனுக்குப் பொருந்தாமையும் பெறப்படும். அப்பெயரின் பிறப்பைப் பாணினி முனிவர் அட்டாத்தியாயி நான்காம் அத்தியாயம் நான்காம் பாதத்து அறுபதாஞ் சூத்திரத்தால் விதித்தார். உண்டு என்னும் மதியுடையான் ஆத்திகன்; இல்லை என்னும் மதியுடையான் நாத்திகன்; எல்லாம் ஊழே என்னும் மதியுடையான் தைட்டிகன் என்பது அதன் கருத்து. உண்டு, இல்லை என்றது மறுமையை என உரைகாரர் கொள்வர். மனுநூல் தருக்கத்தைத் துணைக்கொண்டு வேதத்தை இகழ்வானை நாத்திகன் என்றது. இரண்டிடத்தும் வேண்டப்படுவது மதியென்னுந் துணிவு. இகழ்ச்சியும் துணிவின் வழியே வருவது. மறுமை உண்டோ இல்லையோ என நிற்பான்மாட்டு உண்டென்னும் மதியுமில்லை, இல்லையென்னும் மதியுமில்லை. ஆகவே இலக்கண நெறியால் அவனை நாத்திகன் என்றல், பால்தெரியாப் பொருளைக் கண்டு பெண்ணெனத் துணிந்து கூறுதலோடு ஒக்கும். ஐயுற்றவன் காத்த மரபினை அவனைப் பெயரிட்டழைத்தவர் காத்திலர்!

இனி இக்கொள்கைக்கு எதிராக எடுத்துக்காட்டப்படுவன இரண்டுள. பகவற்கீதை நான்காம் அத்தியாயத்தில் ஐயமே தன் இயல்பாக உடையான் கெடுவன், அவனுக்கு இம்மையுமில்லை மறுமையுமில்லை என்று சொல்லப்பட்டதே என்பது ஒன்று. அச்சுலோகத்தில் அறிவிலான், பற்றிலான், ஐயவியல்பினன் என்னும் மூவர் ஒருங்கு எண்ணப்பட்டனர். ஐயம் ஒன்றே அன்றி, கற்க விரும்பாமையும் நல்லாரை நம்பாமையும் உடனிருத்தல் ஆண்டுக் காண்க. அதன்பின் இரண்டு சுலோகங் கழித்து, அறியாமையாற் பிறந்த ஐயத்தை ஞானவாளால் அறுத்தெழுக என அருச்சுனனுக்குச் சொல்லப்பட்டது. ஐயுற்றான் கெட்டேபோவானாயின் அறுத்தெழுக என ஏவுதல் யாருக்கு? ஆறாம் அத்தியாயத்தில் அருச்சுனன் தன் ஐயத்தை அறுக்கவல்லார் கண்ணனன்றி வேறில்லை என்கின்றான். பதினெட்டாம் அத்தியாயத்தில் ஐயம் நீங்கி நின்றேன் என்கின்றான். ஐயுற்றவன் வினவினமையாலேயே அந்நூல் எழுந்தது. எனவே கெடுவன் எனப்பட்டவன் ஐயம் உற்றவனல்லன். ஐயத்தையே உயிராகக் கொண்டு அதனை நீங்க விரும்பாதவன்.

நன்னூலார் பாடஞ் சொல்லுதற்குத் தகாதாரை எண்ணுங்கால் தடுமாறும் உள்ளமுடையானையும் விலக்கினாரன்றோ என்பது மற்றொன்று. ஆண்டுத் தடுமாற்றத்திற்குக் காரணமும் உடன் கூறப்பட்டது. தொன்னூலின் அருமைக்கு அஞ்சித் தடுமாறுதல் அது. நூலைக் கண்டு அஞ்சிப் பின்வாங்குவானும், நூலுட் புகுந்து ஓரிடத்து ஐயுற்று நிற்பானும் ஒருவரல்லர். அவ்வாசிரியரே வினாவின் வகை ஆறனுள் ஐயவினாவை ஒன்றாக எண்ணினார். மாணாக்கர் வினாவுதலையும் வினாயவற்றிற்கு விடைகூறுதலையும் கல்விப்பயிற்சியுள் அடக்கினார். அவர் விலக்கிய வரிசையிற் பிணக்கனும் படிறனும் உளர், ஐயுற்றான் இல்லை.

ஐயுற்றானுக்கும் பிணக்கனுக்கும் உள்ள வேறுபாட்டினைச் சந்தான வரலாறு ஒன்று இனிது விளக்கும். சகலாகம பண்டிதராய் விளங்கிய முதியவர், இளம்பருவத்தராகிய மெய்கண்டார் மாணவர்க்கு உரைக்குமிடத்துச் சென்று ஆணவமலத்தின் இயல்பு யாதென வினவினாரென்றும், மெய்கண்டார் மறுமொழி கூறாது நின்ற அவரையே சுட்டினாரென்றும் கூறுவர். வினா நல்ல வினா. வினவிய நிலையே நன்றாகாதாயிற்று. அறிதற்கு வினவாது, அளத்தற்கு வினவினமையின் விடை அவ்வாறு வந்தது. அவரே அடிபணிந்து அருணந்தி சிவாசாரியராய்ப் பின்னர் இருபாவிருபஃதில் வினவினார், அவ்வினாக்கள் போற்றப்பட்டன. முன்னும் வினவினார், பின்னும் வினவினார். இடையே நீங்கியது வினாவன்று, தருக்கு.

திருத்தொண்டர் அறுபத்துமூவருட் சாக்கியநாயனார் வரலாறும் ஈண்டு நினைத்தற்குரியது. பிறவி நீங்கும் நெறி யாதென நாடிக் காஞ்சியை அடைந்து சாக்கியநூல் கற்றார்; அதனோடு அமையாது பல துறைகளையும் ஆராய்ந்து சிவநெறியே மெய்ந்நெறியெனத் தெளிந்தார். தெளிந்தபின்னர் வேடத்தை மாற்றாமலே கல்லெறிந்து வழிபட்டார். அக்கல்லை இறைவன் மலராகக் கொண்டான். தாம் கற்ற நெறியினை ஐயுற்று மேலும் ஆராயாதிருப்பின் அவர் அந்நெறியிலேயே நின்றிருப்பார். அவ்வாராய்ச்சிக் காலத்தே அவரைக் கண்டு ஒருவர் இகழ்ந்து புறந்தள்ளியிருப்பின், அவ்விகழ்ச்சி ஒரு நாயனாரை இகழ்ந்ததாய் முடியும். எவன் எந்நிலையில் எதனைத் தேடி நிற்கின்றான் என்பதைப் புறத்தார் அறிதல் அரிது.

இனி ஐயவாதி என்னும் பெயரை ஆராய்க. வாதி என்பது ஒன்றைத் துணிந்து நாட்டுவானைக் குறிக்கும். ஆகவே ஐயவாதி என்பான் ஐயமே முடிபு என்று நாட்டுவான். அத்தகையார் முன்னாளிலும் இருந்தனர். பௌத்தர்தம் தீகநிகாயத்துட் சஞ்சய பேலட்டிபுத்தன் என்பான், மறுமை உண்டெனவுங் கூறேன், இல்லெனவுங் கூறேன் என்று எப்பக்கமும் பிடிகொடாது நழுவுவானாகக் காட்டப்படுகின்றான். சமணர் எண்ணிய புறக்கொள்கைகள் 363இல் 67 அஞ்ஞானவாதத்தின் வகையென்பர். மேனாட்டிற் கிரேக்கர்பால் இத்தகைய கூட்டத்தார் ஸ்கெப்டிக்கர் எனப்பட்டனர். அச்சொற்குக் கிரேக்க மொழியில் உற்றுநோக்கி ஆராய்வார் என்பதே முதற்பொருள். ஆங்கில நாட்டு அறிஞர் ஹக்ஸ்லி என்பார் 1869இல் அக்னாஸ்டிக் என்னும் பெயரைப் படைத்தார். இறைவன் முதலிய பொருள்கள் அறிதற்குரியன என்று தாம் துணியாமையை உணர்த்தற்கு அப்பெயரை அவர் மேற்கொண்டார். அதனை அஞ்ஞேயவாதி என்று மொழிபெயர்த்தல் ஒருவாறு பொருந்தும். ஆராய்ந்து கொண்டிருப்பானுக்கு அதனையிடுதல் பொருந்தாது.

ஐயவாதிக்குச் சித்தாந்தம் விடையின்றி நிற்பதன்று. சிவஞானபோத மூன்றாஞ் சூத்திரத்தில் உயிருண்மைக்குக் காட்டிய முதலேது, இல்லை என்று சொல்லும் அறிவு ஒன்று உண்மையேயாம். ஒவ்வொன்றாக நோக்கி இது உயிரன்று, இது உயிரன்று எனக் கழித்துக் கூறுவது எதுவோ அதுவே உயிர் என்பது அதன் பொருள். இல்லையென்றற்கு ஓரறிவு வேண்டுமாயின், உண்டோ இல்லையோ என்றற்கும் ஓரறிவு வேண்டும். எல்லாவற்றையும் ஐயுறுவான் ஐயுறுகின்ற தன்னை ஐயுறமாட்டான். ஆதலின் எல்லாம் ஐயமே என்னும் வாதம் தன் வாயாலேயே தளரும். இவ்விடை வாதிக்குரிய விடை. வாதியல்லாத மாணவனை வாதியாக்கி அவன்மேல் இதனை எறிதல் ஆகாது. அவனுக்கு வேண்டுவது அவன் வினாவிய பொருளுக்கு விடையே.

உலகவழக்கும் இவ்வேறுபாட்டினை அறிந்தே நடக்கின்றது. மனைவியையும் மக்களையும் ஏவலரையும் எஞ்ஞான்றும் ஐயுற்றுத் துன்புறுத்துவானைச் சந்தேகப்பிராணி என்று மக்கள் இகழ்வர். அது பொருள்மேற் சென்ற ஐயமன்று, ஆள்மேற் சென்ற ஐயுறவு, அன்பின்மையாற் பிறந்தது. அதே மக்கள் பள்ளியில் மாணவன் எழுந்து, ஐயா ஒரு சந்தேகம் என்று சொல்லுங்கால் அதனைக் குற்றமாகக் கொள்ளார். சந்தேகங் கேட்டல் என்பதற்கு விளங்காததை விளக்குமாறு வேண்டுதல் என்றே பொருள்கொள்வர். கல்லாதார் வழக்கு வேறுபடுத்தி அறிந்த இரண்டினைக் கற்றார் ஒன்றாக்குதல் பொருந்துமாறில்லை.

இதுகாறுங் கூறியவாற்றாற் பெறப்படும் வழக்கு வருமாறு. ஒரு பொருளின்கண் இருபாலும் நினைந்து நிற்பான் ஐயுற்றான். ஐயமே முடிபென்று நாட்டுவான் ஐயவாதி. இல்லையென்று துணிந்தான் நாத்திகன். தன்பால் ஒரு கொள்கையுமின்றிப் பிறர்கூற்றை அழித்தலே தொழிலாக உடையான் விதண்டைவாதி. அறிதற்கன்றி வெல்லுதற்கே வினவுவான் பிணக்கன். ஆளைத் தெளிந்தபின்னும் ஐயுறுவான் வள்ளுவர் கடிந்தவன். இவரெல்லாம் வேறு வேறாகலின் வேறு வேறு பெயரால் வழங்கப்படுதல் முறையாகும். இவருள் ஐயுற்றான் ஒருவனே ஆசிரியன் முன்னிலையில் இருத்தற்குரியன். அவனுக்கே சாத்திரம் எழுந்தது.

வினை சடமாயின் செய்தானையே பற்றுமாறு யாங்ஙனம் என முதற்கண் காட்டிய வினாவுக்குச் சிவஞானபோத இரண்டாஞ் சூத்திரத்தில் விடையுண்டு. வினை தானே சென்று பற்றுவதன்று; இறைவன் தன் ஆணையாகிய சத்தியால் வினைப்பயனை உயிர்க்குக் கூட்டுகின்றான் என்பது அது. இவ்விடையை அறிந்தார் வினவிய இளைஞனை அருகிருத்தி இதனைச் சொல்லற்பாலர். விடையறிந்தும் சொல்லாது நாத்திகன் என்று அவனைப் போக்கிவிடின், அவன் பிறிதோரிடஞ் சென்று இல்லையென்னும் மதியைப் பெற்றுப் பின்னாளில் அப்பெயர்க்கு உரியனாகவே ஆதல் கூடும். அன்று, இவன் நாத்திகனென முன்னமே சொன்னோமன்றோ என்று அவர் மகிழ்தற்கு இடமில்லை. அவனை அப்பெயர்க்கு உரியனாக்கியது அவரே.

கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என ஞானத்தின் படிகள் நான்கென்பது சித்தாந்தம். கேட்டதைச் சிந்திக்கப் புகுவார்க்கு ஐயம் நிகழும். ஐயம் நீங்கியவிடத்துத் தெளிதல் நிகழும். கேட்டலோடு நின்றார்க்கு ஐயமுமில்லை, தெளிவுமில்லை. ஆதலின் அவையில் ஒருவன் ஐயுற்றேன் என எழுந்து நிற்குங்கால், சொன்னவை அவன் செவியளவில் நில்லாது சிந்தையுட் புக்கமைக்கு அதுவே அறிகுறியெனக் கொண்டு, விடைகூறுவார் மகிழ்ந்து விடைகூறக் கடவர்.